கொங்காணி போட்டுக்கிட்டுக் குதிரைப் பந்தயத்துக்கு

1

மொதல்லயே ஒன்னு சொல்லிடுறேன். வீட்டு வேலைக்கு வந்தவளுக்குக் குதிரை ரேஸ் ஒரு கேடான்னு கேக்கிற ஆளா நீங்க இருந்தா, இதோட நிறுத்திக்கலாம். எனக்கு ஒன்னும் குறைஞ்சு போயிடாது. இந்தக் கேள்வியைச் சொந்தக்காரங்க கேட்டிருக்காங்க, கூட வேலை செய்றவங்க கேட்டிருக்காங்க, என் புருசனோட அண்ணன் போன்ல சிரிச்சுக்கிட்டே கேட்டிருக்கார். எல்லாருக்கும் ஒரே பதில்தான். ஆமா, கேடுதான், இந்த வாரமும் போறேன்.

என் பேரு புஷ்பம். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தோரு வருசம். மொத ஆறு வருசம் ஒரு வீட்டுல வேலை. இப்ப ஷார்ஜா முவைலாவுல ஒரு நர்சரி ஸ்கூல் பஸ்ல புள்ளைங்களை ஏத்தி எறக்கி, பெல்ட் போட்டு, மூக்கைத் தொடைச்சு விடுற வேலை. சின்னதுங்க என்னை 'பஸ் ஆன்ட்டி'ன்னு கூப்பிடும். வீட்டுக்காரர் சிவலிங்கம் ஒரு கம்பெனி வேர்ஹவுஸ்ல ஸ்டோர்கீப்பர். ஒரே மக ரோஷினி. பதினைஞ்சு வயசு. தமிழ் நல்லா வெளங்கும், ஆனா நாம தமிழ்ல கேட்டா அவ இங்கிலீஷ்ல பதில் சொல்லுவா. கோவம் வந்தா மட்டும் தமிழ் வரும்.

துபாய்ல அந்தப் பெரிய பந்தயம் நடக்கிறது மார்ச் கடைசியில. டிவியில காட்டுறது அந்த ஒரு நாளைத்தான். எனக்கு அந்த நாள் தேவையே இல்ல. அன்னைக்குக் கூட்டம் நெரியும், காரை நிறுத்த எடம் கெடைக்காது. எனக்குப் புடிச்சது அதுக்கு முந்தின வாரங்கள். குளிர் காலம் முழுக்க வாரத்துக்கு ஒரு நாள் சின்னப் பந்தயங்கள் ஓடும். பொதுமக்கள் நிக்கிற பக்கத்துக்கு டிக்கெட் கெடையாது. வாசல்ல இருக்கிறவன் பையைத் திறந்து பாப்பான், 'யல்லா'ன்னு கையைக் காட்டுவான், உள்ள போயிட வேண்டியதுதான். நீ யாரு, எங்கேர்ந்து வர்றன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்.

சாயங்காலம் நாலரைக்குப் போனா போதும், அந்த எடமே திருவிழா மாதிரி இருக்கும். அரபு ஆம்பளைங்க வரிசையா நின்னு மெல்லிசான பிரம்பை ஆட்டிக்கிட்டுப் பாடுவாங்க. இன்னொரு பக்கம் போலீஸ் பேண்டு. மருதாணி வைக்கிற பொம்பளைங்க, பருந்தைக் கையில வச்சுப் போட்டோ எடுக்கிறவன், புள்ளைங்க மூஞ்சிக்குப் புலி வரையிறவ. பாகிஸ்தான்காரங்க குடும்பம் குடும்பமாப் பாய் விரிச்சுப் பிரியாணிச் சட்டியைத் திறந்து வச்சிருப்பாங்க. கரக் சாய் விக்கிற வண்டி நாலு இருக்கும். அந்தச் சாயைப் பத்தி மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. தேயிலையைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, பாலும் ஏலக்காயும் கொட்டி, அதைக் கொன்னே போட்டுடுறானுங்க. குடிக்கத்தான் செய்றேன், ஆனா திட்டிக்கிட்டே குடிக்கிறேன்.

பணம் கட்டி ஆடுறது இங்க ஹராம். அதுக்குப் பதிலா சும்மா ஒரு பேப்பர் தருவாங்க. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எந்தக் குதிரை ஜெயிக்கும்னு டிக் பண்ணிப் பெட்டியில போடணும். சிவலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் குதிரை எடை, போன ஓட்டம், ஜாக்கி பேரு எல்லாம் படிச்சு ஆராய்ச்சி பண்ணுவார். நான் ஜாக்கி சட்டையோட கலரைப் பார்த்து டிக் பண்ணுவேன். ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் ஒரு கீ செயின்கூட ஜெயிச்சதில்ல, அதுல மட்டும் ஒத்துமை.

2

இலங்கையில, எங்க ஊர்ல இருக்கிறவங்களுக்கு நுவரெலியா சீசனைப் பத்தி நான் சொல்லத் தேவையில்ல. இந்தியாவுல இருந்து வாசிக்கிறவங்களுக்காகச் சொல்றேன். சித்திரை மாசம் வந்தா கொழும்புல இருக்கிற வசதியான சனம் எல்லாம் குளிர் தேடி எங்க மலைக்கு ஏறிடும். பூக் கண்காட்சி, கார் ரேஸ், குதிரை ரேஸ்னு ஊரே அமர்க்களப்படும். பொம்பளைங்க தலையில கூடையைக் கவுத்த மாதிரி பெரிய பெரிய தொப்பி போட்டுக்கிட்டு மைதானத்துக்குள்ள போவாங்க.

நாங்க வேலிக்கு வெளிய, ரோட்டு மேட்டுல நிப்போம். தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிற சனத்துக்கு அதுதான் எடம். யாரும் எங்களை அங்க நிக்கச் சொல்லல, உள்ள வராதேன்னும் சொல்லல. உள்ள போறதுக்கு டிக்கெட் இருக்கு, எங்க கிட்ட அது இல்ல, அவ்வளவுதான். மேட்டுல இருந்து பாத்தா குதிரை முழுசாத் தெரியாது. ஜாக்கியோட தலையும் குதிரையோட காதும் வேலிக்கு மேல பறந்து போற மாதிரி இருக்கும். நான் ரொம்ப நாள், குதிரை இவ்வளவு உசரம்னு தெரியாமத்தான் இருந்தேன். இங்க வந்து கம்பி ஓரத்துல நின்னு மொத மொதலாக் கிட்டத்துல பாத்தப்ப, அடி ஆத்தான்னு ரெண்டு அடி பின்னால போயிட்டேன்.

எங்கப்பா கதை அதைவிட வேடிக்கை. தோட்டத்து ஆம்பளைங்க நெறைய பேருக்கு டவுன்ல இருக்கிற புக்கிக் கடைதான் கோயில். எங்கேயோ இங்கிலாந்துல ஓடுற குதிரை மேல இங்க உக்காந்து பந்தயம் கட்டுவாங்க. அப்பாவுக்கு எங்க சித்தப்பா புள்ளைங்க பேரு மறந்து போகும், இங்கிலாந்துக் குதிரைங்க பேரு மறக்காது. ஆனா ஒன்னைக்கூடக் கண்ணால பாத்ததில்ல.

இதைச் சொல்றதால நான் ஏங்கிப் போய்க் கெடக்கேன்னு நெனச்சிடாதீங்க. ஒழுகுற லயத்து வரிசை வீட்டுக்கும், காலைல எந்திரிச்சா காலெல்லாம் அட்டைக் கடிக்கும் ஏங்குறதுக்கு எனக்கென்ன பைத்தியமா? பதினேழு வயசுல தோட்டத்து வேலைக்குப் பேர் பதிஞ்சாங்க, அஞ்சு வருசம் கொழுந்து எடுத்தேன், போதும்னு கிளம்பி வந்துட்டேன். திரும்பிப் போய் ஒரு நாள்கூட எடுக்க மாட்டேன். ஏங்குறது வேற, மறைக்கிறது வேற. நான் சொல்ல வந்தது ரெண்டாவதைப் பத்தி.

3

இந்த வருசம் நோன்பு தொடங்க மூணு வாரம் இருக்கும். ரோஷினியோட பாஸ்போர்ட் முடியப் போகுது, புதுப்பிக்கணும். ஃபாரம் எல்லாம் அவதான் நிரப்புவா. நான் பேனாவைத் தொட்டா ரெண்டு எடத்துல வெட்டித் திருத்துவேன், வேற ஃபாரம் வாங்கணும். அதனால எட்டு வயசுல இருந்து எங்க வீட்டுல எல்லா ஃபாரமும் அவ பொறுப்பு.

லீவு போட்டுட்டு நம்ம நாட்டுத் தூதரக ஆபீசுக்குப் போனோம். டோக்கன் எடுத்து, ரெண்டு மணி நேரம் உக்காந்து, கவுண்டர்ல பேப்பரை நீட்டினேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு என் பாஸ்போர்ட்டைப் பாத்துச்சு, ஃபாரத்தைப் பாத்துச்சு, மறுபடி என் பாஸ்போர்ட்டைப் பாத்துச்சு. சிங்களத்துல கேட்டுச்சு, "அம்மாவோட பொறந்த எடம் இதுல ஒன்னு, அதுல ஒன்னு இருக்கே, எது சரி?"

என் பேருக்கே மூணு ஸ்பெல்லிங் இருக்கு. தோட்டத்துக் கிளாக்கர் ஒரு மாதிரி எழுதினார், ஸ்கூல்ல ஒரு மாதிரி, ஏஜென்சிக்காரன் ஒரு மாதிரி. அதனால ஃபாரத்துல தப்புன்னா எனக்குப் பழகிப்போன விசயம். ஆனா பொறந்த எடத்துல எப்படித் தப்பு வரும்? கண்ணாடியைப் போட்டுப் பாத்தேன். தாயோட பொறந்த எடம்னு இருந்த கோட்டுல, ரோஷினியோட அழகான கையெழுத்துல, கொழும்புன்னு இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சு.

"என்னாடி இது?"

அவ போனைப் பாத்துக்கிட்டே சொன்னா, "இட்ஸ் ஈஸியர், அம்மா. எல்லாரும் கொழும்புன்னுதான் போடுவாங்க."

"எல்லாரும் எங்கேயோ பொறந்துட்டுப் போறாங்க. நான் எங்க பொறந்தேன்?"

"மெதுவாப் பேசுங்க. ப்ளீஸ்."

மெதுவாப் பேசினேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு நல்ல புள்ள, திட்டல. வேற ஃபாரத்துல திருத்தி எழுதிட்டு நாளைக்கு வாங்கன்னு சொல்லிடுச்சு. மறுபடி ஃபாரம், மறுபடி லீவு, மறுபடி டோக்கன். அதெல்லாம் எனக்குப் பெருசா வலிக்கல. பஸ்ஸுல திரும்பி வரும்போது மெதுவாக் கேட்டேன், "ஸ்கூல்லயும் இப்படித்தான் சொல்லி வச்சிருக்கியா?"

ஆமான்னு தலையை ஆட்டினா.

"தோட்டம்னு சொன்னா என்ன ஆயிடும்?"

"ஒன்னும் ஆகாது. ஜஸ்ட்... அப்புறம் கேள்வி கேப்பாங்க. நீங்க டீ பறிச்சீங்களான்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

"பறிச்சாங்கன்னு சொல்லு!"

பஸ்ல முன்னால உக்காந்திருந்த பங்களாதேஷ்காரர் திரும்பிப் பாத்தார். ரோஷினி ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. வெட்கப்பட என்ன இருக்கு? நான் திருடினேனா, பொய் சொன்னேனா? மழையில நனைஞ்சு வேலை செஞ்சேன். அந்தக் கையாலதான் இவளுக்குச் சோறு பிசைஞ்சு ஊட்டினேன். வீட்டுக்கு வந்து சேர்றதுக்கு முன்னாலயே மனசுக்குள்ள நான் ஒன்னு முடிவு பண்ணிட்டேன். என்னைப் பெத்த மண்ணை ஒரு பேப்பருக்குள்ள மறைக்க என் மகளுக்கு நான் எடம் குடுக்கப் போறதில்ல.

4

எங்க பில்டிங்கையும் சுத்துவட்டாரத்தையும் சேர்ந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. அதை நடத்துறது ரஞ்சினி அக்கா. யாழ்ப்பாணம். பேங்க்ல வேலை. நல்ல மனுசி, யாருக்காவது காய்ச்சல்னா ரசம் வச்சுக் கொண்டுவந்து குடுப்பா. ஆனா எதுவா இருந்தாலும் அவ சொல்ற மாதிரிதான் நடக்கணும். அந்த வாரம் குரூப்ல போட்டிருந்தா, எல்லாரும் சேர்ந்து சனிக்கிழமை ரேஸுக்குப் போவோம், அன்னைக்குப் பொதுமக்கள் பக்கத்துல தொப்பிப் போட்டி இருக்கு, நம்ம பெண்கள் எல்லாரும் சேரணும்னு.

ரேஸுக்குத் தொப்பி போடுறது வெள்ளைக்காரன் பழக்கம். இங்கயும் அது ஒட்டிக்கிச்சு. எறகு, பிளாஸ்டிக் பூ, பழம், கோழிக் குஞ்சு எல்லாத்தையும் தலையில வச்சுக்கிட்டு வருவாங்க. போன வருசம் ஒரு பிலிப்பைன்ஸ்காரி தலையில சின்ன ஃபேன் சுத்துற மாதிரி செஞ்சு வந்தா. நான் சிரிச்சுப் பாத்துட்டு வர்றதோட சரி.

இந்தத் தடவை நான் பேர் குடுத்தேன். தொப்பி இல்ல, கொங்காணி போடுறேன்னு எழுதினேன்.

கொங்காணின்னா தெரியாதவங்களுக்கு. மலையில மழை நிக்காம தூறும். ரெண்டு கையிலயும் கொழுந்து இருக்கும், குடை எங்க புடிக்கிறது? கம்பளியை மடிச்சு, ஒரு மூலையைக் கூம்பா இழுத்துத் தலையில மாட்டிக்குவோம். முதுகு முழுக்க மறைஞ்சு முழங்கால் வரைக்கும் தொங்கும். அதுக்கு மேல கூடைக் கயித்தைத் தலையில போட்டுக்கிட்டா, நாள் முழுக்க நிக்கலாம். அதான் கொங்காணி.

அஞ்சே நிமிசத்துல ரஞ்சினி அக்கா போன் பண்ணிட்டா.

"என்ன பிள்ளை, பகிடியே விடுறீர்? தொப்பிப் போட்டிக்கு ஏன் தோட்டக்காட்டு வேசம்?"

"வேசம் இல்லக்கா."

"எத்தினை நாட்டுச் சனம் பாக்கும். நீர் ஒரு வடிவான சீலை கட்டிக்கொண்டு வாரும், நான் தொப்பிக்குப் பூ வைச்சுத் தாறன். எங்கட ஆக்களை ஏன் கேவலப்படுத்துவான்?"

"எங்கட ஆக்கள்னா யாருக்கா? எங்க தலையில இருந்தா அது கேவலம், உங்க கோப்பையில இருந்தா அது டீயா?"

சொல்லிட்டுப் போனை வச்சுட்டேன். சந்தோசமா இருந்துச்சு. இருபது வருசமா வாய்க்குள்ளேயே வச்சிருந்த வார்த்தை.

இனி கம்பளிக்கு எங்க போறது? சிவலிங்கம் கல்யாணத்துக்கு முன்னால லேபர் கேம்ப்ல இருந்தப்ப கம்பெனி குடுத்த சாம்பல் நெறப் போர்வை ஒன்னு அலமாரி மேல கெடந்துச்சு. இங்க கேம்ப்ல இருந்த எல்லா ஆம்பளைக்கும் அந்தப் போர்வையைத் தெரியும். குத்தும், கனக்கும், எத்தனை தடவை தொவைச்சாலும் அதே வாசம். எடுத்து மடிச்சுப் பாத்தேன். கையே மறக்கல. ஒரே இழுப்புல கூம்பு நின்னுடுச்சு.

சிவலிங்கம் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தார். "ஏன் புள்ள, நெசமாவே போடப் போறியா?"

"போடுறேன்."

"நல்லாத்தான் இருக்கு. எங்கம்மா நிக்கிற மாதிரி இருக்கு." சொல்லிட்டுக் கிச்சனுக்குள்ள போயிட்டார்.

ரோஷினிதான் ஆடித் தீர்த்துட்டா. கோவம் வந்ததால தமிழ்லயே. "உங்களுக்கு இப்ப எதுக்கு இது? அந்த ஃபாரத்துக்காகத்தானே? என்னைப் பழிவாங்கத்தானே?"

"ஆமான்னே வச்சுக்கோ."

"என் க்ளாஸ் பிள்ளைங்க யாராவது பாத்தா?"

"பாக்கட்டும். வீடியோவும் நீதான் எடுக்கிற. தோட்டத்துல இருக்கிற உங்க சித்திக்கு அனுப்பணும்."

"நான் வர மாட்டேன்."

"வர்ற."

5

வந்தா. அப்பா சொல்லித்தான் வந்தா. பார்க்கிங்ல இருந்து வாசல் வரைக்கும் பத்தடி முன்னால நடந்தா, நாங்க யாரோ, அவ யாரோங்கிற மாதிரி. காத்து சில்லுன்னு வீசுச்சு. இந்த நாட்டுல கம்பளி போட்டுக்கிட்டு நடக்க ஏத்த நாளுன்னா வருசத்துக்கு நாலஞ்சுதான் இருக்கும், அதுல அது ஒன்னு. வாசல்ல பையைத் திறந்து பாத்த நேபாளிப் பையன் என் தலையைப் பாத்துச் சிரிச்சான். "தீதி, டண்டி ஹை?"ன்னான். குளிருதான்னு கேக்குறான். "பஹுத்", ரொம்பன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன்.

ரஞ்சினி அக்கா பச்சைப் பட்டுச் சீலையும் தொப்பியில மூணு தாமரையுமா நின்னா. என்னைப் பாத்ததும் மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. ஆனா பாயில தள்ளி எடம் விட்டா. வடையும் குடுத்தா. நானும் வாங்கித் தின்னேன்.

மூணாவது ஓட்டம் முடிஞ்சதும் போட்டிக்குக் கூப்பிட்டாங்க. புல்லு மேல சின்னதா ஒரு மேடை. எங்களோட சேர்த்துப் பன்னெண்டு பேர். மயில் எறகு ஒன்னு, முழுக்க மாதுளம்பழம் ஒன்னு, கொக்கு மாதிரி ரோஸ் கலர்ல ஒன்னு. மைக் புடிச்சிருந்தது ஒரு லெபனான்காரப் பொண்ணு, சின்ன வயசு, சிரிச்ச மொகம். ஒவ்வொருத்தர் கிட்டயும் ஒரே கேள்வி. பேரு என்ன, எங்கேர்ந்து வர்றீங்க, தொப்பிக்கு என்ன கதை?

நான் மனசுக்குள்ள ஒத்திகை பாத்துக்கிட்டே நின்னேன். அன்னைக்கு மத்தியானம் முழுக்க கண்ணாடி முன்னால சொல்லிப் பாத்தது. ஐ ஆம் புஷ்பம். ஐ ஆம் ஃப்ரம் ஃபெர்ன்மூர் எஸ்டேட். எங்க தோட்டத்துக்கு அதான் பேரு, எங்க சனத்து வாயில அது பெருமூரு. கீழ ரோஷினி போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னா. மொகத்துல ஈ ஆடல. எனக்கு என்ன? இன்னைக்கு இவளுக்கு ஒரு பாடம்னு நெனச்சுக்கிட்டேன்.

அந்தப் பொண்ணு என் முன்னால வந்துச்சு. "ஓ வாவ்! வாட்ஸ் யுவர் நேம், மாம்?"

"புஷ்பம்."

"அண்ட் வேர் ஆர் யூ ஃப்ரம்?"

"கொழும்பு."

சத்தியமாச் சொல்றேன், என் வாய்தான் அதைச் சொல்லுச்சு. நான் நெனைக்கக்கூட இல்ல. தலையில கொங்காணி, கழுத்து வரைக்கும் கேம்ப் கம்பளி, மைக்ல கணீர்னு கொழும்பு. "லவ்லி, கொழும்பு!"ன்னு சொல்லி அந்தப் பொண்ணு கையைத் தட்டிட்டு, கொக்குத் தொப்பிக்காரி பக்கம் திரும்பிடுச்சு.

நான் ரோஷினியைப் பாத்தேன். அவ போனை எறக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னா. சிரிக்கல, கோவப்படல. பாத்தியாம்மான்னு கேக்கிற மாதிரி ஒரு பார்வை.

அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. ஏஜென்சிக்காரன் மொத மொதலா எழுதினது கொழும்பு விலாசம். வேலை செஞ்ச வீட்டு மேடம் கேட்டப்ப கொழும்பு, ஏன்னா அவங்களுக்கு வேற பேரு தெரியாது. அப்புறம் நம்ம ஆளுங்களே கேட்டாங்க. ஒரு தடவை உண்மையைச் சொன்னேன், வந்த புதுசுல, ஒரு சர்ச் வாசல்ல. "ஓ, தோட்டமா"ன்னு அந்தம்மா சொன்ன விதத்துல, அதுக்கப்புறம் யாருக்கும் சொல்லல. லிஃப்டுல கேட்டா கொழும்பு, வீட்டு ஓனர் கேட்டா கொழும்பு, ரஞ்சினி அக்கா மொத நாள் கேட்டப்பவும் கொழும்பு. சிவலிங்கம் மட்டும் கண்டின்னு சொல்லுவார், அவருக்கு அதுல ஒரு பெருமை. அப்பல்லாம் என் இடுப்புல உக்காந்து, என் கையைப் புடிச்சுக்கிட்டு நின்னு, எல்லாத்தையும் கேட்டது யாரு? ரோஷினிதான். ஃபாரத்துல அவ எழுதினது பொய் இல்ல. அவளுக்கு நான் சொல்லிக் குடுத்த பாடம். அதை அப்படியே எழுதினவளைத்தான் நான் வறுத்து எடுத்தேன்.

வெக்கம்னா அப்படி ஒரு வெக்கம். அந்தக் கம்பளிக்குள்ளேயே மூஞ்சியை மறைச்சுக்கலாம் போல இருந்துச்சு. ஒரு நிமிசம் அப்படியே எறங்கிப் போயிடலாம்னுதான் நெனச்சேன். யாருக்கும் தெரியாது, கேட்டவளுக்கே மறந்திருக்கும். ஆனா அப்படி எறங்கினா, இனி அந்தப் புள்ளைகிட்ட வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை இருக்காது.

கொக்குக்காரி பாதிக் கதையில இருந்தா. நான் குறுக்க போய் மைக்கைக் கேட்டேன். "பேட்டி, ஏக் மினிட். சாரி." மகளேன்னு ஹிந்தியில கூப்பிட்டேன், அந்த லெபனான் பொண்ணுக்கு ஹிந்தி தெரியாதுன்னு அப்புறம்தான் தோணுச்சு, ஆனா மைக்கைக் குடுத்துடுச்சு.

"சாரி, சாரி. ஐ டெல் ராங். நாட் கொழும்பு. இருபத்தோரு இயர் ஐ டெல் ராங். மீ டீ எஸ்டேட். ஃபெர்ன்மூர் எஸ்டேட், லோவர் டிவிசன், நுவரெலியா. மீ டீ ப்ளக், ஃபைவ் இயர். திஸ் நோ ஹேட். திஸ் ஃபார் ரெயின், வொர்க் டைம். மை ப்ளேஸ் ஆல்ஸோ ஹார்ஸ் ரேஸ். பிக் பிக் லேடீஸ் இன்சைட், வீ அவுட்சைட். டுடே மீ இன்சைட். கலாஸ்."

கலாஸ்னா அரபியில முடிஞ்சுதுன்னு அர்த்தம். மைக்கைத் திருப்பிக் குடுத்துட்டேன். அப்புறம் பின்னால எங்கேயோ ஒருத்தர் விசில் அடிச்சார். சிவலிங்கம். வாழ்க்கையில அந்த மனுசன் விசில் அடிச்சு நான் கேட்டதில்ல. அதுக்கப்புறம் கைதட்டல் வந்துச்சு, பிரமாதம்னு சொல்ல முடியாது, மரியாதைக்குத் தட்டுற அளவுக்கு வந்துச்சு. பரிசு கொக்குக்காரிக்குப் போச்சு. போகட்டும், அவ கதையை நான்தான் பாதியில வெட்டினேன்.

கீழ எறங்கினதும் ரஞ்சினி அக்கா கையைப் புடிச்சா. "நீர் கொழும்பெண்டெல்லோ எனக்குச் சொன்னனீர்."

"பொய் சொன்னேங்கக்கா."

அவ தாமரையைத் தொட்டுச் சரிபண்ணிக்கிட்டு நின்னா. "அண்டைக்கு உண்மையைச் சொல்லியிருந்தா, நான் உம்மோட இப்பிடிப் பழகியிருப்பனோ தெரியாது பிள்ளை"ன்னா. மன்னிப்புக் கேக்கல. ஆனா இதைவிட நேர்மையா அவ என்கிட்ட ஒன்னும் பேசினதில்ல. நானும் விட்டுட்டேன்.

6

ரோஷினியைக் காணோம். பாயிலயும் இல்ல, சாப்பாட்டு வண்டிப் பக்கமும் இல்ல. கடைசி ஓட்டத்துக்குக் குதிரைங்களைச் சுத்திக் காட்டுற எடத்துல, கம்பியைப் புடிச்சுக்கிட்டுத் தனியா நின்னா. நான் போய்ப் பக்கத்துல நின்னேன். கொங்காணியைக் கழட்டல. அவளும் கழட்டுங்கன்னு சொல்லல.

"நான்தான் உனக்குச் சொல்லிக் குடுத்தேன்," அப்படீன்னேன். "ஃபாரத்துக்கு உன்னைத் திட்டினது தப்பு."

"தெரியும்."

"தெரியும்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்ற மாதிரியா இருந்தீங்க? பஸ்ல கத்தினீங்க."

நியாயம்தான். குதிரைங்க ஒவ்வொன்னா முன்னால போச்சு. நடத்திக்கிட்டுப் போற ஆளுங்க எல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்க, பீகார், பஞ்சாப், பெஷாவர். தோல் மினுமினுக்கிற அந்தப் பெரிய மிருகம் அவங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டு அடக்கமா நடக்குது. நான் கேட்டேன், "சித்திக்கு வீடியோ அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

"நான் மொதல்ல கொழும்புன்னு சொன்னதை வெட்டிட்டுத்தானே?"

"இல்ல."

"ஏன்டி!"

"அதை வெட்டினா, அப்புறம் நீங்க ஏன் சாரி சொல்றீங்கன்னு யாருக்கும் வெளங்காது."

அப்புறம் அவ, "க்ளாஸ் குரூப்லயும் போட்டுட்டேன்," அப்படீன்னா. குதிரையைப் பாத்துக்கிட்டேதான் சொன்னா. வீராப்பா மேடை ஏறினவ நான். இப்ப பயம் வந்தது எனக்குத்தான். அந்தப் புள்ளைங்க சிரிச்சா? நாளைக்கு ஸ்கூல்ல எவளாவது ஒரு வார்த்தை சொல்லிட்டா? எனக்கு எங்க வாட்ஸ்அப் குரூப் மாதிரி, அவளுக்கு அந்த முப்பது பேர்தான் உலகம்.

"எதுக்குப் போட்ட? நான் சித்திக்கு மட்டும்தானே சொன்னேன்."

"உங்களுக்கு இருபத்தோரு வருசம் ஆச்சு. எனக்கு அவ்வளவு டைம் இல்ல."

அவ கையில போன் அதிர்ந்துச்சு. திறந்து பாத்தா. நானும் தலையை நீட்டிப் பாத்தேன், அவ மறைக்கல. அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்கு வாசிக்கத் தெரியும். க்ளாஸ் பொண்ணு ஒருத்தி கேட்டிருந்தா: வெயிட், நீ கொழும்புன்னு சொன்னியே?

ரோஷினி கட்டை விரலைக் கடிச்சா. அப்புறம் வேகமா அடிச்சா. "ஸோ டிட் மை மாம். டில் டுடே." என்னைக் கிண்டல் பண்றா, கழுதை. பண்ணட்டும், நான் பண்ணின வேலைக்கு அது தகும். அவ இன்னும் முடிக்கல. அதுக்குக் கீழ இன்னொரு வரி அடிச்சா.

"வீ ஆர் எஸ்டேட் பீப்பிள்."

ஒரு தடவை வாசிச்சுப் பாத்தா. என் மொகத்தைப் பாக்கவே இல்ல. அனுப்பிட்டா.